வெளிநாட்டில் தற்செயலாக அகப்பட்ட காபிக்கடை: உங்களுக்கு எது?

பாதிக்கோப்பை · வெள்ளி, இரவு 9:40

டிரியெஸ்ட்டேயில் நடந்தது. இத்தாலியின் வடகிழக்கு மூலையில், ஸ்லோவேனியா எல்லையை ஒட்டிய துறைமுக நகரம். அங்கே ‘போரா’ என்று ஒரு காற்று உண்டு. மேட்டிலிருந்து கடலைப் பார்த்து இறங்கும். சில நாட்களில் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். நான் போய் இறங்கிய அன்று முதல் ஐந்து நிமிடத்திலேயே குடை போயிற்று. கண்ணில் பட்ட கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். ஆறு பேர் நின்றால் ஏழாவது ஆளுக்கு இடமில்லாத கடை.

கப்புச்சினோ கேட்டேன். இரண்டு மடக்குக்கு ஒரு சின்னக் கோப்பை வந்தது. பாலில் கஞ்சத்தனமோ என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிச் சைகை காட்டினேன். பக்கத்தில் நின்ற பெரியவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்புறம் விரல் மடக்கிப் பாடம் எடுத்தார். இந்த ஊரில் எஸ்பிரெஸ்ஸோவின், அதாவது பால் சேர்க்காத கெட்டிக் காபியின், பெயர் ‘நேரோ’. அதன் தலையில் கொஞ்சம் பால் நுரை போட்டால் ‘கப்போ’. அதையே கண்ணாடிக் கிளாசில் கேட்டால் ‘கப்போ இன் பி’. பி என்பது கிளாசுக்கான இத்தாலியச் சொல்லின் முதல் எழுத்து. நாட்டின் மற்ற பகுதியில் கப்புச்சினோ என்று தருவதை வாங்க வேண்டுமானால் இங்கே ‘கஃபெலாத்தே’ என்று சொல்ல வேண்டுமாம்.

சரி, கப்போ இன் பி ஒன்று என்றேன். கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு கிளாஸ். கீழே கருப்பு, நடுவில் செம்மண் நிறம், மேலே வெள்ளை. கைப்பிடி கிடையாது. விளிம்பை இரண்டு விரலால் பிடித்து, சுட்டதும் கை மாற்றி, மறுபடி கை மாற்றிக் குடித்தேன். பெரியவர் அதற்குள் குடித்து முடித்துக் கிளம்பிவிட்டார். கதவைத் திறந்தபோது காற்று உள்ளே வந்து மேசைமேல் இருந்த காகிதத் துடைப்பான்களையெல்லாம் கிளப்பிவிட்டது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

மறுநாள் பட்டியலில் இருந்த பெரிய கடைக்கும் போனேன். சான் மார்க்கோ, 1914-இல் திறந்தது, உள்ளேயே புத்தகக்கடை. அழகான இடம்தான், குறையில்லை. ஆனால் அதைப்பற்றி என்ன ஞாபகம் இருக்கிறது என்று யோசித்தால், நான் எடுத்த படங்கள்தான் ஞாபகம் வருகின்றன. முந்தின நாள் கடையின் பெயர்கூடத் தெரியாது. ஆனால் அந்தக் கிளாசின் சூடு இன்னும் விரலில் இருக்கிறது.

உங்களுக்கு இப்படி எது? முக்கியமாக, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

வரைபடவாசி · வெள்ளி, இரவு 10:15

‘தற்செயல்’ என்பதில் பாதி பொய், பாதிக்கோப்பை சார். தற்செயல் நடப்பதற்குத் தோதாக நாம் ஊரில் ஓரிடத்தில் நின்றிருக்க வேண்டும். என் வழி இது.

கைப்பேசி வரைபடத்தில் ஆங்கிலத்தில் தேடவே மாட்டேன். அந்த நாட்டு எழுத்தில் காபிக்கடைக்கு என்ன சொல்லோ அதை எடுத்து அப்படியே ஒட்டுவேன். ஜப்பானில் ‘கிஸ்ஸாத்தென்’ என்று அவர்கள் எழுத்தில் போட்டுப் பாருங்கள். ஆங்கிலத்தில் தேடினால் வருகிற பட்டியல் வேறு, இது வேறு. பழைய கடைகள் பல இதில்தான் தலைகாட்டும்.

அப்புறம், ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்களைப் படிக்காதீர்கள். ஒற்றை நட்சத்திரம் கொடுத்தவர்களைப் படியுங்கள். ‘வைஃபை இல்லை’, ‘மடிக்கணினியை மூடச் சொன்னார்’, ‘ஓட்ஸ் பால் கேட்டால் முறைக்கிறார்’, ‘காபி வர இருபது நிமிடம்’ என்றெல்லாம் புலம்பியிருந்தால் நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். ‘அழுக்கு’ என்று மூன்று பேர் எழுதியிருந்தால் மட்டும் போகமாட்டேன்.

இதையெல்லாம்விட நல்ல வழி ஒன்று இருக்கிறது. ஒரு கடையில் காபி நன்றாக இருந்தால், போட்டுக் கொடுத்தவரிடமே கேளுங்கள்: “உங்களுக்கு விடுமுறை நாளில் நீங்கள் எங்கே போய்க் குடிப்பீர்கள்?” ‘நல்ல கடை எது’ என்று கேட்டால் சுற்றுலாப் பயணிக்கான பதில்தான் வரும். இப்படிக் கேட்டால் ஒரு விநாடி யோசிப்பார்கள். அதற்கப்புறம் வருகிற பெயரை நம்பிப் போகலாம்.

சர்க்கரைவேண்டாம் · வெள்ளி, இரவு 11:02

கிஸ்ஸாத்தென் என்ற சொல்லைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. டோக்கியோ கின்சாவில் ‘கஃபே து லாம்ப்ர்’. 1948-இலிருந்து நடக்கிறது. காபி மட்டும்தான் கிடைக்கும். பல வருடம் பதப்படுத்தி வைத்த பச்சைக் கொட்டையில் போடும் காபியும் பட்டியலில் உண்டு. நிறுவியவர் நூறு வயதைத் தாண்டி வாழ்ந்தவர். இதெல்லாம் எங்கேயும் படிக்கலாம்.

நான் சொல்ல வந்தது அந்த ஊற்றும் கை. காகித வடிகட்டி அல்ல, துணிப் பை. ஃபிளானல் துணியில் தைத்து கம்பி வளையத்தில் மாட்டியது. பொதுவாக நாமெல்லாம் பையை அசையாமல் வைத்து, கெட்டிலைச் சுற்றுவோம். அங்கே பையைப் பிடித்த இடது கை மெல்லச் சுழல்கிறது, கெட்டில் பிடித்த வலது கை அப்படியே நிற்கிறது. தண்ணீர் நூல் மாதிரி இறங்குகிறது. முதலில் சொட்டு, சொட்டு, சொட்டு. தூள் ரொட்டி மாவு போல உப்பி வருகிறது. ஒரு சின்னக் கோப்பைக்கு அவ்வளவு நேரம். கடையில் பேச்சுக்குரலே இல்லை. பயந்துபோய் இல்லை, எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆனால் இதைத் தற்செயல் என்று சொல்லமாட்டேன். தேடித்தான் போனேன். தேடிப் போனதும் நினைவில் நிற்கும்.

நாலாம்நடை · சனி, காலை 6:48

ஜப்பான் என்றால் எனக்கு நகோயா. வேலை விஷயமாகப் போயிருந்தேன். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கடை, காலை ஏழு மணி. காபி ஒன்று என்று மட்டும் சொன்னேன். காபியோடு தடிமனாக ஒரு வெண்ணெய் டோஸ்ட், ஒரு அவித்த முட்டை. நான் கேட்கவில்லையே, வேறு மேசைக்குப் போகவேண்டியது என்று தட்டைத் திருப்பி நீட்டினேன். அந்த அம்மா மறுபடி என் பக்கம் தள்ளினார். நான் மறுபடி அவர் பக்கம். மூன்றாம் முறை பக்கத்து மேசைக்காரர் பத்திரிகையை இறக்கிவிட்டு “மோர்னிங்கு, மோர்னிங்கு” என்றார். நானும் குட்மார்னிங் என்றேன்!

‘மோர்னிங்கு’ என்பது அந்த வட்டாரத்து ஏற்பாடு என்று பிறகுதான் தெரிந்தது. காலையில் காபி வாங்கினால் டோஸ்டும் முட்டையும் காபி விலையிலேயே அடக்கம். பக்கத்தில் இச்சினோமியா என்ற நெசவு ஊர். ஆலைக்குள் தறிச் சத்தத்தில் பேச முடியாமல் முதலாளிகள் வியாபாரம் பேசக் காபிக்கடைக்கு வந்தார்கள், அவர்களுக்காகக் கடைக்காரர்கள் ஆரம்பித்த வழக்கம் என்று சொல்வார்கள்.

சுண்டக்காய்ச்சி · சனி, காலை 9:30

யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. மேலே எல்லாவற்றையும் படித்தேன். காற்று இருக்கிறது, பெரியவர் இருக்கிறார், முட்டைகூட இருக்கிறது. காபி எப்படி இருந்தது என்று ஒருத்தர் சொன்னீர்களா?

நான் வீட்டில் கொட்டை வறுக்கிறவன். எனக்குக் கடை என்றால் முதலில் கோப்பைக்குள் இருப்பது. ஐரோப்பாவில் பெயர்போன பழைய காபி மண்டபங்கள் பலவற்றில் உட்கார்ந்திருக்கிறேன். மேலே சரவிளக்கு, கீழே பளிங்கு, நடுவில் வரும் காபி கருகல். வரலாற்றைக் குடிக்க முடியாது.

ஒஸ்லோவில் குரூனர்லொக்கா பகுதியில் டிம் வெண்டல்போவின் கடை இருக்கிறது. மனிதர் 2004-இல் உலக பாரிஸ்டா (காபி போடுபவர்) போட்டியில் வென்றவர். 2007-இல் அந்த மூலைக்கடையைத் திறந்தார். இடம் சின்னது. அலங்காரம் என்று எதுவும் கிடையாது. ஒரு கென்யா காபி கொடுத்தார்கள். வறுவல் இளசு, தேநீர் மாதிரி ஒரு தெளிவு. முதல் வாயில் புளிப்பு. பெர்ரிப் பழத்தைக் கடித்த புளிப்பு. ஆறஆற அது இனிப்பாகிக்கொண்டே வந்தது. சூட்டில் ஒரு காபி, வெதுவெதுப்பில் ஒரு காபி, ஆறியபின் மூன்றாவது காபி. காபி என்றால் கசப்பு என்று அதுவரை வைத்திருந்த கணக்கு முழுக்கத் தப்பு என்று ஆகிவிட்டது. ஊருக்குத் திரும்பி ஆறு மாதம் என் வறுவலையெல்லாம் நானே குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

பெரியவர் யாரும் பாடம் எடுக்கவில்லை. தேவையும் இருக்கவில்லை.

இரவல்குடை · சனி, காலை 10:05

அண்ணே, சரவிளக்கைத் திட்டியபோதே வியன்னா என்று புரிந்துவிட்டது :)

பாதி ஒத்துக்கொள்கிறேன். அங்கே பெயர்பெற்ற ஒரு கடைக்குப் போய், வெளியே கயிறு கட்டிய வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றேன். உள்ளே போனால் சுற்றிலும் எல்லோரும் கேக்கைப் படம் எடுக்கிறார்கள். கோப்பை காலியான மறுநிமிடம் பில். பெயர் வேண்டாம், அன்றைக்கு அவர்களுக்கும் கூட்டம் தலைக்குமேல்.

ஆனால் வியன்னா காபிக்கடை என்பது அது இல்லை. இரண்டு நாள் கழித்து யோசெஃப்ஷ்டாட் பக்கம் ஒரு சாதாரணக் கடை. மெலாஞ்ச் ஒன்று சொன்னேன், பால் நுரை போட்ட வியன்னா காபி. நீள்வட்டத் தட்டில் கோப்பை, பக்கத்தில் ஒரு சின்ன கிளாஸ் தண்ணீர், கிளாசின் வாய்மேல் கவிழ்த்துவைத்த கரண்டி. மரச் சட்டத்தில் செருகிய செய்தித்தாள்கள். எனக்கு ஜெர்மன் வராது, இருந்தாலும் ஒன்றை எடுத்து விரித்துக்கொண்டேன். கருப்புக் கோட்டுப் பரிசாரகர் என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஆனால் தண்ணீர் கிளாஸ் காலியாகும்போதெல்லாம் புதிது வந்தது. மூன்று கிளாஸ். இரண்டரை மணி நேரம். ஒரே காபி. வெளியே பனி. பில்லை நானாகக் கேட்கும்வரை கொடுக்கவில்லை. நீங்கள் அங்கே வாங்குவது காபியை இல்லை அண்ணே, மேசையை. 2011-இல் ஆஸ்திரியா தன் மரபுப் பட்டியலில் வியன்னா காபிக்கடைப் பண்பாட்டைச் சேர்த்ததும் இந்த உட்கார்தலுக்காகத்தான்.

இரவில் போகிறவர்களுக்கு ஹவெல்கா. 1939-இல் திறந்த இருட்டுக் கடை. மாலை எட்டு மணிவாக்கில் உள்ளிருந்து புக்டெல்ன் வரும்: பிளம் ஜாம் வைத்துச் சுட்ட பன். வெளிச்சம் போதாமல் தட்டில் என்ன இருக்கிறது என்று முகர்ந்துதான் கண்டுபிடிக்கவேண்டும்.

முதல்விமானம் · சனி, பகல் 12:20

எல்லோருக்கும் வணக்கம். படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது, கூடவே பயமும். அடுத்த மாதம் முதல் தடவை வெளிநாடு, ரோம். கடைக்குள் போய் எங்கே நிற்பது, யாரிடம் கேட்பது, பணம் முன்னாலா பின்னாலா என்று ஒன்றும் தெரியாது. தனியாகப் போகிறேன். யாராவது சொல்லுங்களேன்.

வரைபடவாசி · சனி, பகல் 12:41

பயப்பட ஒன்றுமில்லை தங்கச்சி (தம்பியாக இருந்தால் மன்னிக்கவும்).

இத்தாலியில் காபிக்கடைக்குப் பெயர் ‘பார்’. மதுக்கடை என்று ஒதுங்காதீர்கள். கூட்டமான கடை என்றால் முதலில் பணப்பெட்டிக்குப் போய்ச் சொல்லிப் பணம் கட்டுங்கள். ஒரு சீட்டு தருவார்கள். அதை எடுத்துக்கொண்டு நின்று குடிக்கும் மேடைக்குப் போய், சீட்டை மேடைமேல் வைத்துவிட்டு மறுபடி சொல்லுங்கள். சின்னக் கடை என்றால் குடித்துவிட்டுக் கட்டலாம். சந்தேகம் வந்தால் முன்னால் போகிறவர் செய்வதைப் பார்த்துச் செய்யுங்கள்.

உட்காரவே உட்காராதீர்கள். நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை. சுற்றுலா இடங்களில் இந்த வித்தியாசம் கண்ணைக் கட்டும். வெனிஸில் சான் மார்க்கோ சதுக்கத்தில், 1720-இலிருந்து இருக்கும் ஃப்ளோரியன் காபிக்கடையின் வெளி மேசையில் உட்கார்ந்தால் இசைக்குழுவுக்கும் சேர்த்துக் கட்டணம்.

‘லாத்தே’ என்று கேட்காதீர்கள். லாத்தே என்றால் பால். பால்தான் வரும். நான் குடித்திருக்கிறேன்.

சர்க்கரைவேண்டாம் · சனி, பகல் 1:10

ரோம் என்றால் பாந்தியோன் பக்கத்தில் சாந்த் எவுஸ்தாக்கியோ. 1938 முதல் இருக்கிறது. காபி போடுபவர் ஒரு தடுப்புக்குப் பின்னால் நின்று போடுவார், என்ன செய்கிறார் என்று தெரியாது. நுரை கெட்டியாக வரும். ஒரு விஷயம்: சர்க்கரை முன்கூட்டியே கலந்துதான் தருவார்கள். வேண்டாம் என்றால் கேட்கும்போதே ‘செந்த்ஸா த்சூக்கெரோ’ என்று சொல்லிவிட வேண்டும். என் புனைபெயர் அங்கே பிறந்ததுதான்.

ஜாடிமூடி · சனி, மாலை 4:55

ஹனோய் யாரும் சொல்லவில்லையே?

முட்டைக் காபி குடிக்க ஜாங் கடைக்குப் போனேன். கடை எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு சந்து. ஒரு ஆள் அகலம். அதிலும் பாதியை ஒரு மோட்டார் சைக்கிள் அடைத்துக்கொண்டு நிற்கிறது. யார் வீட்டுக் கொல்லைக்கோ போகிறோம் என்று இரண்டு முறை திரும்பினேன். மூன்றாவது முறை உள்ளிருந்து கரண்டி மோதும் சத்தம் கேட்டது. போனால் முழங்கால் உயர முக்காலிகளில் ஐம்பது பேர்.

1946-இல் மெட்ரோபோல் ஹோட்டலில் வேலை பார்த்தவர் ஆரம்பித்த கடை. போர்க்காலம், பால் தட்டுப்பாடு; பாலுக்குப் பதில் முட்டை மஞ்சள்கருவை அடித்து ஊற்றிப் பார்த்திருக்கிறார். இன்றைக்குக் கெட்டிப்பாலும் சேர்த்து அடிக்கிறார்கள். கோப்பையை ஒரு வெந்நீர்க் கிண்ணத்துக்குள் உட்காரவைத்துத் தருகிறார்கள், ஆறாமல் இருக்க. முட்டை வாடை வருமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கரண்டி எடுத்தேன். வாடையே இல்லை. மேலே கஸ்டர்டு, அடியில் எட்டிக்கசப்பு. கலக்குவதா கூடாதா என்று தெரியாமல் பாதியைக் கலக்கி, பாதியைக் கலக்காமல் முடித்தேன். கலக்காத பாதிதான் நன்றாக இருந்தது.

சுண்டக்காய்ச்சி அவர்களுக்கு: அந்த ஊர்க் கொட்டை பெரும்பாலும் ரொபஸ்டா என்ற கசப்பு அதிகமான வகை, உங்களுக்குப் பிடிக்காது. ஆனால் அந்த முரட்டுக் கசப்பு இல்லாவிட்டால் அவ்வளவு இனிப்பு தாங்காது. அங்கே அது குறையில்லை, கணக்கு.

நாலாம்நடை · சனி, இரவு 8:30

கொட்டை, வறுவல் என்று பேச்சு வந்ததால் அடிஸ் அபாபாவைச் சொல்லாமல் விடமுடியாது. காபி விளையும் நாடுகள் பலவற்றில் நல்ல கொட்டை கப்பல் ஏறிவிடும், உள்ளூர்க்காரனுக்கு மிச்சம்தான். எத்தியோப்பியா அப்படியில்லை. விளைவதில் கிட்டத்தட்ட பாதியை அவர்களே குடிக்கிறார்கள்.

தொமோக்கா என்று 1953-லிருந்து ஒரு கடை. உயர மேசைகள், எல்லோரும் நின்றுகொண்டே மாக்கியாட்டோ (கொஞ்சம் பால் நுரை போட்ட எஸ்பிரெஸ்ஸோ) குடிக்கிறார்கள். இத்தாலியர்கள் அங்கே ஆக்கிரமிப்பாளர்களாக இருந்தது 1936 முதல் 41 வரைதான். அவர்கள் போனார்கள், மாக்கியாட்டோ தங்கிவிட்டது. நல்ல கடை. ஆனால் நான் சொல்ல வந்தது வேறு.

தங்கியிருந்த இடத்துக்கு எதிரே தெருவோரம் தகரக் கூரை போட்ட ஒரு திண்ணை. தரையில் பச்சைப் புல் தூவியிருக்கும். ஒரு பெண் கரி அடுப்புக்குப் பின்னால் தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து பச்சைக் கொட்டையைத் தகட்டில் வறுப்பார். புகை கிளம்பியதும் தகட்டைக் கொண்டுவந்து ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் காட்டுவார். கையால் புகையை இழுத்து முகர வேண்டும். அப்புறம் இடித்து, ஜெபெனா என்ற கழுத்து நீண்ட மண்கூஜாவில் கொதிக்கவிட்டு, கைப்பிடியில்லாத குட்டிக் கிண்ணங்களில் உயரத்திலிருந்து ஊற்றுவார். கொறிக்கச் சோளப்பொரி.

முதல் நாள் எனக்கு ஒன்பதரைக்கு ஒரு சந்திப்பு. ஒரு கிண்ணம் குடித்தேன், பணத்தை வைத்தேன், எழுந்தேன். அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. காபி பிடிக்கவில்லை என்று நினைத்துவிட்டார் போல. கூட உட்கார்ந்திருந்த ஓட்டுநர் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். அதே தூளில் மூன்று சுற்று: அபோல், தோனா, பரக்கா. ஒவ்வொன்றும் முன்னதைவிட நீர்த்தது. மூன்றாவதற்கு ஆசீர்வாதம் என்று அர்த்தம். அதற்கு முன்னால் எழுவது பந்தியில் பாதியில் எழுகிற மாதிரி. சந்திப்புக்கு ஐம்பது நிமிடம் தாமதமாகப் போனேன். காரணம் சொன்னதும் அவர் கேட்ட ஒரே கேள்வி, “பரக்கா குடித்தீர்களா?”

இரவல்குடை · சனி, இரவு 8:52

இது கடைக்கணக்கில் வராது, இருந்தாலும். வளைகுடா நாடுகளில் யாராவது ஏலக்காய் போட்ட கஹ்வா ஊற்றினால், போதும் என்பதற்குக் கோப்பையை லேசாக இடவலமாக ஆட்டிக் கொடுக்க வேண்டும். காலிக் கோப்பையைச் சும்மா நீட்டினால் மறுபடி ஊற்றுவார்கள். என் சக ஊழியர் மரியாதைக்காக மறுக்காமல் ஏழு கோப்பை குடித்துவிட்டு இரவெல்லாம் விழித்திருந்தார்.

ஜாடிமூடி · ஞாயிறு, காலை 7:15

ஒரு எச்சரிக்கையும் போட்டுவிடுகிறேன். பாலியில் ‘காபித் தோட்டம் பார்க்கலாம்’ என்று ஓட்டுநர் ஒரு இடத்துக்குக் கூட்டிப்போனார். மரநாய் தின்று கழித்த கொட்டையில் போடும் லுவாக் காபி. கடைசியில் பார்த்தால் பின்பக்கம் கம்பிக்கூண்டில் அந்த விலங்கு ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறது. கோப்பையை வைத்துவிட்டு வந்துவிட்டேன். ‘காட்டில் பொறுக்கியது’ என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள்.

அதே நாட்டில் யோக்யகர்த்தாவில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் ‘கோப்பி ஜொஸ்’ குடியுங்கள். தழலாகச் சிவந்த கரித்துண்டை இடுக்கியில் எடுத்துக் கிளாசுக்குள் போடுவார்கள். ‘ஜொஸ்ஸ்’ என்று சத்தம். பெயரே அந்தச் சத்தம்தான்.

ஒருவாய்போதும் · ஞாயிறு, காலை 11:30

நான் எழுதுவதைவிடப் படிப்பதே வழக்கம். ஒன்று கேட்க வேண்டும். இப்படிக் கடைப் பெயர், தெரு எல்லாம் போடுவது சரியா?

லிஸ்பனில் ஒரு கடை எனக்கு இருந்தது. எஸ்பிரெஸ்ஸோவை அந்த ஊரில் ‘பிக்கா’ என்பார்கள். ஷியாதோவில் 1905-இல் திறந்த ‘அ பிரசிலெய்ரா’ வாசலில் கவிஞர் பெசோவாவின் வெண்கலச் சிலை பக்கத்தில் படம் எடுக்க வரிசை நிற்கும். நான் அங்கிருந்து மேடு ஏறி, பெயர் சொல்லமாட்டேன், ஒரு கடையில் குடிப்பேன். நாலு மேசை. கணவன் மனைவி இருவர். ஆறு வருடம் கழித்துப் போனேன். கடை இருந்தது, அவர்கள் இல்லை. சுவர் வெள்ளையடித்து, கதவில் ஆங்கிலப் பலகை, மேசைக்கு ஒரு மணி நேரம்தான் என்று அறிவிப்பு. இது யாரோ எங்கேயோ எழுதியதால் வந்த வினை என்றே எனக்குத் தோன்றுகிறது.

வரைபடவாசி · ஞாயிறு, பகல் 12:05

மாற்றிச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எழுதாததாலும் கடை மூடும். நாலு மேசையில் ஒரு பிக்காவை வைத்துக்கொண்டு நாமெல்லாம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் வாடகை யார் கட்டுவது? அந்தத் தம்பதிக்கு வயதாகி, பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய், விற்றுவிட்டுப் போயிருக்கலாம். கடை நமக்கு நினைவுச்சின்னம், அவர்களுக்குக் காலை ஐந்து மணிக்கு எழுகிற வேலை.

ரெய்க்யாவிக்கில் மோக்கா என்ற கடை 1958-லிருந்து இருக்கிறது. எல்லாக் கையேட்டிலும் பெயர் உண்டு. மரப்பலகைச் சுவர் அப்படியே இருக்கிறது, நான் போனபோது உள்ளூர்க்காரர்களும் இருந்தார்கள். பெயர் தெரிவதால் மட்டும் ஒரு கடை கெடாது.

ஒருவாய்போதும் · ஞாயிறு, பகல் 12:30

வாடகை விஷயம் நியாயம். அதை நான் யோசிக்கவில்லை. இருந்தாலும் பெயர் சொல்லமாட்டேன்.

பாதிக்கோப்பை · ஞாயிறு, பகல் 12:44

நேப்பிள்ஸில் ‘சொஸ்பேசோ’ என்று ஒன்று உண்டு. ஒரு காபி குடித்துவிட்டு இரண்டுக்குப் பணம் கட்டிவிட்டுப் போவார்கள். இரண்டாவது, பின்னால் வருகிற கையில் காசில்லாத யாருக்கோ. இவருக்கும் அவருக்கும் அறிமுகம் கிடையாது. வாடகைக்கு அது போதாது, ஆனால் பேச்சு அங்கே போனதால் ஞாபகம் வந்தது.

சுண்டக்காய்ச்சி · ஞாயிறு, இரவு 9:18

ஒரு ஒப்புதல். ஒன்றுதான், அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள்.

சரயேவோ. பாஷ்சார்ஷியா என்ற பழைய கடைவீதி, அதில் செம்புக் கொல்லர் சந்து. இரண்டு பட்டறைக்கு நடுவில் ஒரு திண்ணைக் கடை. வட்டச் செம்புத் தட்டில் ஜெஸ்வா என்ற நீளக் கைப்பிடிச் செம்புப் பாத்திரத்தில் காபி, கைப்பிடியில்லாத கிண்ணம், சர்க்கரைக் கட்டி, ஒரு துண்டு லோக்கும் மிட்டாய். நான் வழக்கம்போல எடுத்து ஊற்றி மடக்கென்று குடித்தேன். வாய் முழுக்கத் தூள். துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது. பட்டறையில் சுத்தியலோடு உட்கார்ந்திருந்தவர் தட்டுவதை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். பேசவில்லை. மேலாக இருந்த நுரையைக் கரண்டியால் எடுத்துக் கிண்ணத்தில் விட்டார், அப்புறம் மெதுவாக ஊற்றினார். சர்க்கரைக் கட்டியின் ஓரத்தைக் காபியில் நனைத்து, கடித்து, அதன்மேல் ஒரு வாய் குடிக்கச் சொல்லிச் சைகை. காட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்த் தட்ட ஆரம்பித்தார்.

வறுவல் அதிகம். கொதியும் அதிகம். என் கடையாக இருந்தால் விற்கமாட்டேன். இரண்டு மணி நேரம் இருந்தேன். அந்தச் சுத்தியல் சத்தம் கொஞ்ச நேரத்தில் ஒரு தாளத்துக்கு வந்துவிட்டது, நானும் அந்தத் தாளத்திலேயே குடித்தேன்.

மறுபடி போகிற வாய்ப்பு வந்தால் ஒஸ்லோவுக்குத்தான் போவேன். ஆனால் இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

இரவல்குடை · ஞாயிறு, இரவு 9:25

அண்ணே! காபி எப்படி இருந்தது என்று கடைசியிலாவது சொன்னீர்களே :)

முதல்விமானம் · வெள்ளி, இரவு 10:50

எல்லோருக்கும் வணக்கம், ஐந்து வாரம் கழித்து வருகிறேன். ரோம் போய் வந்துவிட்டேன். வரைபடவாசி அண்ணா, தங்கச்சிதான்.

சாந்த் எவுஸ்தாக்கியோவில் பணம் கட்டி, சீட்டை மேடையில் வைத்து, எல்லாம் சரியாகச் செய்தேன். ‘செந்த்ஸா த்சூக்கெரோ’ மட்டும் வாயில் வரவில்லை. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போயும் அந்த நேரத்தில் நாக்கு சுருண்டுவிட்டது. பாகு மாதிரி இனிப்பாக வந்தது. குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது!

ஆனால் எனக்கான கடை அது இல்லை. மூன்றாவது நாள் டிராஸ்தேவெரே பக்கம் 8-ஆம் எண் டிராமில் தூங்கிவிட்டு எங்கேயோ இறங்கினேன். முன்னால் ஒரு சலவைக்கடை, அதை ஒட்டி ஒரு பார். சுற்றுலாக்காரி நான் ஒருத்திதான். ‘ஊன் கஃபே’ என்று சொன்னேன், வந்தது. எதிரே ஒரு பாட்டி தன் கோப்பைக்குள் நாய்க்குட்டியிடம் பேசுவதுபோல ஏதோ பேசிக்கொண்டே குடித்தார். மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடி போனேன். வாசலில் கால் வைக்கும்போதே மேடைக்குப் பின்னால் இருந்தவர் எனக்குத் தட்டை எடுத்துவைத்துவிட்டார், நான் வாயே திறக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஐந்து நாளில் என்னை அடையாளம் கண்ட முதல் ஆள்.

வரைபடவாசி · வெள்ளி, இரவு 11:04

அருமை தங்கச்சி. எந்த நிறுத்தம்?

முதல்விமானம் · வெள்ளி, இரவு 11:06

தூங்கிக்கொண்டிருந்தேனே அண்ணா. மறுநாள் சலவைக்கடைப் பலகையின் நிறத்தை வைத்துத்தான் இறங்கினேன். பச்சை.